சனிக்கிழமைச் சமாச்சாரம் - 23: நானூறு டாலருக்கு ஒரு ஓடம்

ரெண்டு வாரமா சனிக்கிழமைச் சமாச்சாரம் வரலை. "ஆள் உயிரோட இருக்கியா?"ன்னு கேட்டு மெயில் போட்ட மூணு பேருக்கும் நன்றி. இருக்கேன். நீங்க விளையாட்டா கேட்ட கேள்வி எவ்வளவு பொருத்தமானதுன்னு பதிவோட பாதிக்கு மேல உங்களுக்கே தெரியும்.

மேட்டர் இதுதான்: ஒரு கயாக் வாங்கிட்டேன். மீன் பிடிக்க. ஸ்டைபண்டுல காலந்தள்ளுற பிஎச்டி மாணவன், அரிசி மூட்டை எங்க ரெண்டு டாலர் கம்மின்னு பாத்து வாங்குறவன், ஓடம் வாங்கினா சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்.

கயாக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒராள் உக்காந்து போற ஒல்லியான படகு. துடுப்புக்கு ரெண்டு முனையிலயும் அலகு இருக்கும், இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ஆஸ்டின் நகரத்துக்கு நடுவுல கொலராடோ ஆத்தை மறிச்சு வச்சிருக்காங்க. லேடி பேர்ட் ஏரின்னு பேரு (2007 வரைக்கும் டவுன் ஏரி). லாங்ஹார்ன் அணையை 1960ல கட்டினதுல உருவானது. லேப்ல இருந்து வெளிய வந்தா, சாயங்காலம் அந்தத் தண்ணியில கலர் கலரா கயாக் போகும். கரையில நின்னு தூண்டில் போடுற எனக்கு அதைப் பாத்தாலே வயித்தெரிச்சல். கரையில நமக்குக் கிடைக்கிறது செடியும் கொடியும், எவனோ அத்துவிட்டுப் போன நரம்பும்தான். மீன் எல்லாம் இருபதடி தள்ளி, அந்தப் பக்கத்து மர நிழல்ல இருக்கும்.

நான் மேட்டூர்க்காரன்னு இங்க வர்ற எல்லாருக்கும் தெரியும். அணைத் தண்ணி, பரிசல், தூண்டில் எல்லாம் பாத்து வளந்த பையன். ஆனா எங்க வீட்டுல பரிசல்ல கால் வைக்க எனக்கு அனுமதி கிடையாது. காரணம் கடைசியில சொல்றேன்.

காசு எங்க இருந்து வந்துச்சு?

இந்த வருசம் வரி கணக்கு தாக்கல் பண்ணினதுல 412 டாலர் திரும்ப வந்துச்சு. (இந்திய மாணவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தோட 21(2) பிரிவுப்படி நமக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு. மத்த நாட்டு மாணவர்கள் நிறைய பேருக்கு அது கிடையாது. பாரத்தை நிரப்பும்போது மறந்துடாதீங்க.) டெக்சஸ்ல மாநில வருமான வரி இல்லாததால வந்தது அவ்வளவுதான். அதுல இருந்து ஒரு பைசா மேல போகக் கூடாதுன்னு எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன்.

என் ரூம்மேட் மதுரைக்காரன் கேட்டான், "டேய், 412 டாலருக்கு எத்தனை கிலோ மீன் வாங்கலாம் தெரியுமா?" நியாயமான கேள்வி. பதில் சொல்லாம எழுந்து போயிட்டேன்.

முதல்ல பண்ண இருந்த தப்பு

பெரிய கடை ஒண்ணுல எட்டடி கயாக் தள்ளுபடியில 150 டாலர். புதுசு. பளபளன்னு நீலக் கலர். கையில எடுத்து வண்டியில வைக்கிற அளவுக்குப் போயிட்டேன். அப்பதான் நம்ம அண்ணாச்சிக்கு போன் போட்டேன். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், இங்க பன்னண்டு வருசமா இருக்கார், பத்து வருசமா கயாக்ல மீன் பிடிக்கிறார்.

"எலேய், ஓன் எடை எம்புட்டு?"

"அது எதுக்கு அண்ணாச்சி இப்ப..."

"சொல்லுல."

சொன்னேன். 200 பவுண்டு. (91 கிலோ. சிரிக்கிறவங்க மறுபடி சிரிச்சுக்கலாம்.)

"அதுல எம்புட்டு தாங்கும்னு எழுதி ஒட்டியிருப்பான், பாரு."

பாத்தேன். 250 பவுண்டு. தாங்குமேன்னு சொன்னேன். அண்ணாச்சி திட்டினதை இங்க எழுத முடியாது. சுருக்கம் இதுதான்: ஒட்டியிருக்கிற எடை, அதுக்கு மேல போனா ஆபத்துங்கிற எல்லை. அந்த எல்லைக்குப் பக்கத்துல போனாலே படகு தண்ணியில ஆழமா உக்காந்துடும், ஆட்டம் கூடும், இழுக்கறதும் கஷ்டம். பழகினவங்க சொல்ற கணக்கு, எழுதியிருக்கிறதுல எழுபது சதவீதம்தான் ஏத்தணும்ங்கிறது. நான் 200, தூண்டில் பெட்டி, தண்ணி பாட்டில், இதர சாமான் ஒரு 25. மொத்தம் 225. இதை 0.7ஆல வகுத்தா கிட்டத்தட்ட 321. அப்ப எனக்கு 325 பவுண்டுக்குக் குறைஞ்சு எதுவும் ஆகாது. அந்த நீலக் குட்டி, எழுபது சதவீதக் கணக்குல, 175 பவுண்டுக்குத்தான். அதாவது என்னோட ரூம்மேட்டுக்கு.

கயாக் வாங்கப் போற யாரா இருந்தாலும் கலர், கம்பெனி, கப் வைக்கிற ஓட்டை எல்லாத்துக்கும் முன்னாடி இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்க. பாதி சாய்ஸ் அங்கயே அடிபட்டுப் போயிடும். குழப்பமும் பாதியாயிடும்.

உள்ள உக்காரதா, மேல உக்காரதா?

அடுத்த வாரம் அண்ணாச்சி என்னை வாடகை கயாக் எடுக்கக் கூட்டிட்டுப் போனார். ஒரு மணி நேரம் ஒண்ணு, இன்னொரு மணி நேரம் வேற ஒண்ணு. வாடகை அவரே குடுத்துட்டார். காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விதத்துலயும் ஒரு தடவை உக்காந்து பாருங்கங்கிறதுதான் என் ரெண்டாவது அறிவுரை.

ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு, குழிக்குள்ள காலை நீட்டி உக்காரது. இடுப்புக்குக் கீழ படகுக்குள்ள இருக்கும். காத்து படாது, குளிர் காலத்துக்கு நல்லது, எடையும் கொஞ்சம் கம்மி. ஆனா கவுந்தா உள்ள தண்ணி ரொம்பிடும். ஏரி நடுவுல அதை இறைச்சு வெளிய கொட்டறது தனியாளுக்கு ஆகுற காரியம் இல்லை.

இன்னொண்ணு, மேல உக்காரது. உள்ள முழுக்க மூடின காத்துப்பெட்டி, அதுக்கு மேல நமக்கு ஒரு இருக்கை. மேல விழுற தண்ணி, படகை ஊடுருவிப் போற ஓட்டைங்க வழியா தானா கீழ வடிஞ்சுடும். நம்ம கட்டுமரம் மாதிரின்னு வச்சுக்கோங்க. தண்ணி மேல வரும், போகும், மரம் மிதந்துக்கிட்டே இருக்கும். கவுந்தா திருப்பிப் போட்டு மறுபடி ஏறிக்கலாம். முட்டி மடக்கலாம், திரும்பி உக்காரலாம், காலைத் தண்ணியில தொங்க விடலாம். டெக்சஸ் வெயிலுக்கு கால் நனையறது ஒரு வரம். மீன் பிடிக்க, அதுவும் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு, இதுதான்.

அகலம்: 28 அங்குலம்னா வேகமா போகும், ஆனா திரும்பிப் பாத்தாலே ஆடும். மீன் பிடிக்கிறவன் திரும்பித் திரும்பித்தான் பாப்பான். அதனால 31, 32 அங்குலம் இருக்கட்டும். நீளம்: எட்டடி சட்டுன்னு திரும்பும், ஆனா நேரா போகாது, ஒவ்வொரு இழுப்புக்கும் மூக்கை ஆட்டும். பத்துல இருந்து பன்னண்டு அடி நமக்குச் சரி. ஆனா நீளம் கூடினா எடையும் கூடும். பன்னண்டு அடிக்காரன் சுமாரா 60, 65 பவுண்டு. அதை கார் மேல தூக்கி வைக்கப் போறது நீங்கதான்.

மிதிச்சு ஓட்டுற கயாக்கும் இருக்கு. ரெண்டு கையும் தூண்டிலுக்கு ஃப்ரீ. விலையைப் பாத்தேன். ஆயிரக்கணக்குல இருந்துச்சு. மூடிட்டேன்.

காத்தடிச்சு மிதக்க விடுற கயாக்கையும் யோசிச்சேன். அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு அது ஒரு நல்ல வழி. சுருட்டி அலமாரியில வச்சுடலாம், கார் மேல கட்ட வேண்டாம். ஆனா எடை கம்மிங்கிறதால சின்னக் காத்துக்கே தள்ளிட்டுப் போயிடும். தவிர, கையில முள்ளு வச்சுக்கிட்டு பலூன் மேல உக்காரறதுக்கு எனக்கு மனசு வரலை :-)

பழசு வாங்கறப்ப பாக்க வேண்டியது

என் பட்ஜெட்டுக்கு புதுசுல 325 பவுண்டு தாங்குறது வாங்கினா மத்த எதுக்கும் காசு இருக்காது. ஆக பழசு. மூணு வாரம் ராத்திரி ராத்திரி விளம்பரம் மேஞ்சேன். (ஆராய்ச்சிக் கட்டுரைகளை அந்த மாதிரி மேஞ்சிருந்தா இந்நேரம் பட்டம் வாங்கியிருப்பேன்.) கடைசியில ரவுண்ட் ராக் பக்கம் ஒரு தாத்தா. ரிட்டயர்டு. தோள்ல ஆபரேஷன், இனிமே துடுப்பு போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். பன்னண்டு அடி, மேல உக்காரது, 350 பவுண்டு தாங்கும், கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுக் கலர். கேட்ட விலை 275.

அண்ணாச்சி கூட வந்தார். அவர் எப்படிப் பாத்தார்ங்கிறதை அப்படியே எழுதுறேன், யாருக்காவது உதவும்.

1. கவுத்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பாக்கணும். கீறல் இருந்தா பரவாயில்லை, எல்லா கயாக்குக்கும் இருக்கும். பின்பக்க அடியில, தரையில இழுத்து இழுத்து தேஞ்சு மெலிஞ்சிருக்கான்னு விரலால அழுத்திப் பாக்கணும்.

2. தண்ணி வடியற ஓட்டைகளோட உள்விளிம்புல வெடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும். வண்டியில வச்சு உருட்டினவங்க படகுல அங்கதான் வெடிக்கும். இந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்ல பசை சரியா ஒட்டாது. உருக்கி ஒட்டணும், அது நமக்கு வேண்டாத வேலை.

3. வடிகால் மூடியைக் கழட்டி உள்ள ரெண்டு வாளி தண்ணி ஊத்தி, பத்து நிமிஷம் விட்டு, வெளிய எங்கயாவது கசியுதான்னு பாக்கணும். உள்ள இருந்து வெளிய வர்ற ஓட்டை, வெளிய இருந்து உள்ளயும் வரும்.

4. வெயில்ல கெடந்து நிறம் வெளுத்து, மேல மாவு மாதிரி கையில ஒட்டினா வேண்டாம். பிளாஸ்டிக் செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

5. பின்பக்கம் வலது கை ஓரத்துல பன்னண்டு எழுத்து எண் ஒண்ணு பொறிச்சிருக்கும். கடைசி ரெண்டு எண் மாடல் வருசம். எங்களுது 14ல முடிஞ்சுது, அப்ப 2014. இந்த எண்ணை யாராவது சுரண்டி எடுத்திருந்தா, திருட்டுச் சொத்துன்னு நினைச்சு நடையக் கட்டுங்க.

எல்லாம் சரியா இருந்துச்சு. பேரம் பேசி 220க்கு முடிஞ்சுது. அலுமினியத் துடுப்பும் சேத்துக் குடுத்துட்டார். கார் மேல கட்டிக்கிட்டு இருக்கும்போது தாத்தா ஒரு கேள்வி கேட்டார்.

"லைஃப் ஜாக்கெட் வச்சிருக்கியா பையா?"

"வச்சிருக்கேன்"னு சொன்னேன். பொய் இல்லை. வச்சிருந்தேன். 12 டாலர்ல ஒண்ணு. கழுத்துல மாட்டுற, ஆரஞ்சுக் கலர், தலையணை மாதிரி இருக்குமே, அது.

12 டாலர் புத்திசாலித்தனம்

இங்கதான் என் மூளை வேலை செஞ்ச விதத்தை நீங்க பாக்கணும். டெக்சஸ் சட்டப்படி கயாக்ல ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகாரம் பெத்தது, கட்டாயம் இருக்கணும். பதிமூணு வயசுக்குக் கீழ உள்ள பசங்க கண்டிப்பா போட்டிருக்கணும். பெரியவங்க? படகுல கைக்கெட்டுற மாதிரி இருந்தா போதும், போட்டுக்கணும்னு சட்டம் சொல்லலை. ஆக, 12 டாலர்ல சட்டத்துக்கு ஒண்ணு வாங்கி பின்னாடி எலாஸ்டிக் கயித்துல சொருகி வச்சுட்டா ஆச்சு. மிச்சம் பிடிச்ச காசுல 80 டாலருக்கு ஒரு ரீல். அருமையான ரீல். கைப்பிடியைச் சுத்தினா சத்தமே வராது. டப்பாவோட தலைமாட்டுல வச்சுத் தூங்கினேன்னா பாத்துக்கோங்க. கம்பு ரூம்மேட்டோட பழசு இருந்துச்சு. மொத்தக் கணக்கு 402. பட்ஜெட்டுக்குள்ள பத்து டாலர் மிச்சம். எனக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்.

மீன் பிடிக்கப் போறதுக்கு முன்னாடி கவுந்து பழகணும்னு அண்ணாச்சி கறாரா சொல்லிட்டார். லேடி பேர்ட் ஏரியில நீந்தத் தடை, அதனால மே மாசம் முதல் சனிக்கிழமை டிராவிஸ் ஏரிக்குப் போனோம். கரையோரம் இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு எப்படித் திருப்பிப் போடுறது, எப்படி ஏறுறதுன்னு காட்டிக்குடுத்தார். முதல்ல வயித்தை படகுக்குக் குறுக்கப் போடு, காலை உதைச்சுத் தள்ளு, அப்புறம் புரண்டு பின்பக்கத்தை இருக்கையில வை, கடைசியா காலை உள்ள இழு. வயிறு, பின்பக்கம், கால். மூணு தடவை பண்ணினேன். நாலாவது தடவை சூப்பரா வந்துச்சு.

அப்ப எனக்கு ஒரு கர்வம். அண்ணாச்சி சட்டையைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்த நேரத்துல, "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்"னு கெளம்பிட்டேன். ஜீன்ஸ் பேன்ட். லைஃப் ஜாக்கெட் பின்னாடி சொருகின இடத்துல பத்திரமா இருக்கு.

கரையில இருந்து ஒரு முப்பது, நாப்பது மீட்டர் இருக்கும். தூரத்துல ஒரு பெரிய மோட்டார் படகு போச்சு. அதோட அலை வர்றதுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. நான் பக்கவாட்டுல நின்னுக்கிட்டு அதை வேடிக்கை பாத்துட்டு இருந்தேன். மூக்கை அலைக்கு நேரா திருப்பணும்னு இப்ப தெரியும். முதல் அலையில ஆடினேன், ரெண்டாவதுல எதிர்ப்பக்கம் சாஞ்சு சமாளிச்சேன், மூணாவதுல நான் தண்ணிக்குள்ள.

எனக்கு நீச்சல் தெரியும். நல்லாவே தெரியும். மேல வந்து கண்ணைத் தொடச்சப்போ கயாக் ரெண்டு ஆள் நீளம் தள்ளி இருந்துச்சு. காத்து அதைத் தள்ளிக்கிட்டே போகுது. காலிப் படகு எவ்வளவு வேகமா போகும்னு அன்னிக்குத்தான் பாத்தேன். அது கூடவே, பின்பக்கக் கயித்துல சொருகின மாதிரியே, என் லைஃப் ஜாக்கெட்டும் போகுது. சட்டப்படி எல்லாம் சரியா இருந்துச்சு. நான் மட்டும்தான் படகுல இல்லை.

துரத்தி நீந்தினேன். பத்து வீச்சுல ஜீன்ஸ் கல்லாயிடுச்சு. பதட்டத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சேன். அதுக்கப்புறம் மூச்சு என் பேச்சைக் கேக்கலை. ஒரு பத்து விநாடி, அதிகம் போனா இருபது, இது முடியாதுன்னு நினைச்சேன். படகை விட்டுட்டு கரைக்குத் திரும்புன்னு அண்ணாச்சி கத்தினது கேட்டுச்சு. மல்லாக்கப் படுத்து, மெதுவா காலை ஆட்டி வந்தேன். அவர் லைஃப் ஜாக்கெட்டோட கழுத்தளவு தண்ணிக்கு வந்து என் காலரைப் பிடிச்சு இழுத்தார். கயாக் அந்தப் பக்கத்துப் பாறையில போய் நின்னுச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகலை.

திரும்பி வர்ற வழியில அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசலை. திருநெல்வேலிக்காரர் திட்டாம இருந்தா எவ்வளவு பயமா இருக்கும்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில சொல்றேன்னு சொன்னது

நான் பொறக்கறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, எங்க தாய்மாமன், அம்மாவுக்கு ஒரே தம்பி, மேட்டூர் அணைத் தண்ணியில வலை பாக்கப் பரிசல்ல போனவர், வரலை. சாயங்காலம் திடீர்னு காத்தும் மழையும். பரிசல் மறுநாள் காலையில கரை ஒதுங்குச்சு. மாமா ஊர்லயே நல்லா நீந்துறவராம். அதை அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லும். "அவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு யாராச்சும் சொல்ல முடியுமா?"ன்னு. சின்ன வயசுல எனக்கு அது பெருமையாத்தான் கேட்டுச்சு. அம்மா எதுக்காகச் சொல்லுச்சுன்னு எனக்கு இருபத்தாறு வயசுல, டிராவிஸ் ஏரியில, வாய் நிறைய தண்ணியோட புரிஞ்சுது.

அடுத்த நாள் காலையில பிரிக்காத அந்த ரீல் டப்பாவைக் கடையில திருப்பிக் குடுத்துட்டேன். 60 டாலருக்கு கயாக்ல மீன் பிடிக்கிறவங்களுக்குன்னே செஞ்ச லைஃப் ஜாக்கெட் ஒண்ணு. முதுகுல பஞ்சு மேல் பாதியில மட்டும் இருக்கும், அதனால இருக்கையில சாஞ்சா உறுத்தாது. கை வீசத் தோள்பட்டையில நிறைய இடம். முன்னாடி பாக்கெட். நாள் பூரா போட்டிருந்தாலும் கழட்டத் தோணாது. விலையோட விஷயமே அதுதான். 12 டாலருதும் மிதக்கும், ஆனா கழுத்தை அறுக்கும், அதனால போட மாட்டோம். போடாத ஜாக்கெட் படகோட போயிடும்.

மொத்தக் கணக்கு

கயாக், துடுப்போட: 220
முதல் லைஃப் ஜாக்கெட் (படிப்புச் செலவு): 12
உண்மையான லைஃப் ஜாக்கெட்: 60
விசில்: 5
கார் மேல வைக்க பஞ்சுக் கட்டை, பட்டை: 35
மீன்பிடி லைசன்ஸ்: 30
கம்பும் ரீலும் சேந்த செட்டு: 35
பால் கிரேட், பிவிசி குழாய்: 12
போன் நனையாம இருக்க பை: 8
ஆக மொத்தம்: 417 டாலர்

அஞ்சு டாலர் கூடிடுச்சு. ரூம்மேட் கடனா குடுத்தான், வட்டியோட.

சில விளக்கங்கள். விசில் விளையாட்டுக்கு இல்லை, சத்தம் எழுப்புற ஒரு பொருள் படகுல இருக்கணும்கிறது விதி. ஜாக்கெட்லயே கட்டிடுங்க. இருட்டினப்புறம் தண்ணியில இருந்தா வெள்ளை விளக்கும் வேணும், ஒரு டார்ச் போதும். லைசன்ஸ்: டெக்சஸ்ல தொடர்ந்து ஆறு மாசத்துக்கு மேல வசிச்சா உள்ளூர்க்காரர் கணக்குதான், நன்னீருக்கு நான் குடுத்தது 30. வெளியூர்க்காரருக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அது ஆகஸ்ட் 31ஓட முடியும், அதனால ஜூலையில வாங்காதீங்க. கை துடுப்புல போற கயாக்குக்கு பதிவு வேண்டாம், ஆனா சின்ன பேட்டரி மோட்டார் மாட்டினாக் கூட பதிவு பண்ணணும்.

கார் மேல கட்ட இழுத்து முடுக்குற ராட்செட் பட்டை வேண்டாம், பிளாஸ்டிக்கை நசுக்கிடும். சாதாரண பக்கிள் பட்டையே போதும். பட்டையில ஒரு முறுக்கு விட்டுக் கட்டினா ஹைவேயில ஊளையிடாது. முன்னாடியும் பின்னாடியும் தனித்தனியா ஒரு கயிறு கட்டாயம்.

பால் கிரேட்ல நாலு பிவிசி குழாயைக் கட்டினா தூண்டில் ஸ்டாண்டு ரெடி. கயாக்ல ஓட்டை போட்டு எதையும் மாட்டாதீங்க, முதல் ஆறு மாசம். உங்க கை எங்க போகுதுன்னு உங்களுக்கே இன்னும் தெரியாது. அப்புறம், ஏரியை விட்டுக் கெளம்பறப்ப படகுல இருக்கிற தண்ணி எல்லாத்தையும் வடிச்சுடணும். ஜீப்ரா மஸ்ஸல்னு ஒரு சிப்பி ஏரிக்கு ஏரி பரவுறதைத் தடுக்க 2014ல இருந்து டெக்சஸ் முழுக்க இது சட்டம், கயாக்குக்கும் சேத்து.

லேடி பேர்ட் ஏரியில பெட்ரோல் மோட்டாருக்கு அனுமதி இல்லை. அதனால அலை இல்லை. முதல் வருசம் நான் அங்கதான். ஒண்ணே ஒண்ணு, வெயில் காலத்துல மிதக்கிற பாசிக் கட்டியைத் தொடாதீங்க, நாயைக் கூட்டிட்டுப் போகாதீங்க. 2019ல அந்தப் பாசி விஷத்துல நாய்கள் செத்துப்போச்சு.

வைக்கிற இடம்? எங்க அபார்ட்மெண்ட் மாடிப்படியில பன்னண்டு அடி திரும்பலை. அளக்காம வாங்கினது என் தப்பு. இப்ப அது அண்ணாச்சி வீட்டு கராஜ்ல, வெயில் படாம, ஒருக்களிச்சுக் கெடக்கு. வாடகை, முதல் மீன் அண்ணி கைக்கு.

அம்மா

போன வாரம் அம்மாகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாள் ஒத்திகை பாத்து, சுத்தி வளைச்சு ஆரம்பிச்சு, கடைசியில நேராவே சொன்னேன். கவுந்ததையும் சொன்னேன். மறைக்கலாம்னுதான் இருந்தேன், முடியலை.

அம்மா ரொம்ப நேரம் பேசலை. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன்.

அப்புறம், "அந்தச் சட்டை, அது என்னது, எப்பவும் போட்டுக்கிட்டுத்தான் போவியா?"

"எப்பவும்மா. கார்ல இருந்து எறங்கறப்பவே போட்டுடுவேன்."

"போட்டோ அனுப்பு."

அனுப்பினேன். முன்னாடி, பின்னாடி, பட்டை மாட்டின விதம் எல்லாம். அரை மணி கழிச்சு அம்மாவே கூப்பிட்டுச்சு. "பட்டை தொளதொளன்னு இருக்கு, இறுக்கு"ன்னு சொல்லுச்சு. உண்மைதான், தொளதொளன்னுதான் இருந்துச்சு. தோள்பட்டையைப் பிடிச்சு மேல தூக்கினா காதுகிட்ட வரக் கூடாது, அதுதான் அளவு. இறுக்கிட்டேன்.

போகச் சொல்லலை. போகாதேன்னும் சொல்லலை. "என்ன மீன் கெடைக்கும் அங்க?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

நேத்து காலையில ஆறரை மணிக்கு, மர நிழல் ஓரமா, முதல் மீன் மாட்டுச்சு. நெஞ்சு சிவந்த சன்ஃபிஷ், என் உள்ளங்கை அளவு. ஒரு நிமிஷம் பாத்துட்டு விட்டுட்டேன். கராஜ் வாடகை பாக்கி. மத்தியானம் அண்ணி சாம்பார்தான் வச்சாங்க.

அடுத்த சனிக்கிழமை: 35 டாலர் ரீல் எழுப்புற சத்தங்கள், ஓர் ஆராய்ச்சி.

டிஸ்கி: நான் இன்னும் கத்துக்குட்டி. நீங்க வேற ஊர், வேற நாடுன்னா அங்கத்து விதிகளைப் பாத்துக்கோங்க. ஜாக்கெட்டைப் போட்டுக்கறது மட்டும் எல்லா ஊருக்கும் பொது.